அட்ரீனல் செல்லில் பெராக்சைடு சமிக்ஞையா, சேதமா? சோதனையை அமைக்கும் வழி

ஸ்டீராய்டு ஹார்மோன் ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்கள் என்னிடம் நீட்டும் முதல் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் செல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவோம், அது செய்யும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசால் குறையும். என்-அசிட்டைல் சிஸ்டீன் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்ப்போம், கார்டிசால் மறுபடி ஏறும். ஆக, ஆக்சிஜனேற்ற அழுத்தம் கார்டிசாலைக் குறைக்கிறது. நாலு பட்டையில் ஒரு வரைபடம், கீழே ஒரு முடிவு.

அதை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எந்தச் செல்லின் மேலும் போதுமான பெராக்சைடை ஊற்றினால் அது செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தத்தான் செய்யும். கல்லீரல் செல் ஆல்புமினை நிறுத்தும், அட்ரீனல் செல் கார்டிசாலை நிறுத்தும். அதிலிருந்து அட்ரீனலைப் பற்றி ஒன்றும் தெரியவராது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தச் சுரப்பி ஹார்மோன் செய்யும்போது தானே உண்டாக்கும் பெராக்சைடு, அந்த ஹார்மோன் உற்பத்தியைத் திரும்பக் கட்டுப்படுத்துகிறதா? இதைச் சோதிக்க எதை முதலில் செய்வது, எங்கெல்லாம் சறுக்கும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும் வரிசையிலேயே எழுதுகிறேன். செல் வளர்ப்பும் வெஸ்டர்ன் பிளாட்டும் ஓரளவு தெரிந்தவர்களுக்கு இது போதும்.

முதலில் எலக்ட்ரான் போகும் பாதையை வரையுங்கள்

பிப்பெட்டைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்யூட்டரியிலிருந்து வரும் ஏசிடிஎச் என்னும் ஹார்மோன், அட்ரீனல் புறணியின் நடு அடுக்கில் உள்ள செல்லின் ஏற்பியில் உட்காருகிறது. உள்ளே சைக்ளிக் ஏஎம்பி கூடுகிறது, புரோட்டீன் கைனேஸ் ஏ விழிக்கிறது, ஸ்டார் என்னும் புரதம் உருவாகிறது. இந்த ஸ்டார்தான் கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வுக்குக் கொண்டு சேர்க்கிறது. இதுவரை எல்லாப் பாடநூலிலும் இருக்கும். நீங்கள் வரைய வேண்டிய படம் இதற்கு அடுத்து வருவது.

உள் சவ்வில் இருக்கும் சிஒய்பி11ஏ1 என்னும் பி450 நொதி கொலஸ்ட்ராலை வெட்டி பிரெக்னெனலோன் ஆக்குகிறது. இதற்கு மூன்று சுற்று வேண்டும்; ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் எலக்ட்ரான் கொடுக்கும் என்ஏடிபிஎச் ஒன்றும் செலவாகின்றன. பிறகு எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் சிஒய்பி17ஏ1 ஒரு சுற்று, சிஒய்பி21ஏ2 ஒரு சுற்று. கடைசியில் மறுபடி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வந்து சிஒய்பி11பி1 ஒரு சுற்று. கூட்டிப் பாருங்கள்: ஒரு கார்டிசால் மூலக்கூறுக்கு ஆறு ஆக்சிஜன், அதில் நாலு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே. இடையில் வரும் 3-பீட்டா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸுக்கு ஆக்சிஜன் தேவையில்லை, அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் நேராக பி450-க்குப் போவதில்லை. என்ஏடிபிஎச்சிலிருந்து அட்ரினோடாக்சின் ரிடக்டேஸ், அதிலிருந்து அட்ரினோடாக்சின், அதிலிருந்து பி450 என்று கைமாறுகிறது. வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றும்போது கொஞ்சம் சிந்துவதுபோல இங்கேயும் எலக்ட்ரான் சிந்துகிறது. சிந்தியது ஆக்சிஜனைப் பிடித்து சூப்பராக்சைடு ஆகிறது, அது சீக்கிரமே ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிறது. மாட்டின் அட்ரீனலிலிருந்து பிரித்தெடுத்த நொதிகளை வைத்து 1990-களில் அளந்தபோது, கடைசிச் சுற்றைச் செய்யும் 11-பீட்டா ஹைட்ராக்ஸிலேஸ், முதல் சுற்றுகளைச் செய்யும் சிஒய்பி11ஏ1-ஐவிட அதிகம் கசிகிறது என்று தெரிந்தது. இதற்கு முன்பே, 1980 வாக்கில், வளர்ப்புச் செல்களில் இன்னொன்றும் கவனிக்கப்பட்டிருந்தது: நொதியில் போய் உட்கார முடிந்தும் ஹைட்ராக்ஸிலேற்றம் அடைய முடியாத ஸ்டீராய்டுகள் அங்கே சேர்ந்தால், எலக்ட்ரான் வீணாகக் கசிந்து அந்த நொதியையே கெடுக்கிறது. ஆக்சிஜனைக் குறைத்தாலும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்தாலும் நொதி பிழைக்கிறது. கார்டிசாலே அப்படிப்பட்ட ஒரு ஸ்டீராய்டுதான். தான் செய்த சரக்கே நொதிக்குக் குழி பறிக்கிறது.

இந்தப் படம் தாளில் இருந்தால் ஒன்று புரிந்துவிடும். இந்தச் செல்லில் பெராக்சைடு வெளியிலிருந்து வந்து தாக்கும் எதிரி மட்டும் இல்லை. உற்பத்தி ஓடுகிறது என்பதற்கான கணக்குச் சீட்டும் அதுவே.

சோதிக்க வேண்டிய சுற்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்

கருதுகோளை ஒரு வரியில் எழுதாதீர்கள், காலவரிசையாக எழுதுங்கள். 2012-ல் தென் கொரியாவைச் சேர்ந்த சூ கூ ரீயின் குழு சுண்டெலி அட்ரீனலில் காட்டிய சுற்று இதற்கு நல்ல அச்சு.

ஏசிடிஎச் வந்ததும் ஸ்டீராய்டு உற்பத்தி ஏறுகிறது. சிஒய்பி11பி1 வழியாக மைட்டோகாண்ட்ரியாவில் பெராக்சைடு பெருகுகிறது. அதைத் துடைக்கும் முக்கிய நொதியான பெராக்சிரெடாக்சின் 3, வேலைப் பளுவில் தானே அளவுக்கு மீறி ஆக்சிஜனேற்றம் அடைந்து முடங்குகிறது. அதன் சிஸ்டீன் சல்பினிக் அமில நிலைக்குப் போய்விடுகிறது. காவல் இல்லாததால் பெராக்சைடு வெளியே, சைட்டோசாலுக்குள் வழிகிறது. அங்கே அழுத்தத்துக்குப் பதில் சொல்லும் பி38 கைனேஸ் விழிக்கிறது, ஸ்டார் குறைகிறது, கொலஸ்ட்ரால் வரத்து நிற்கிறது, உற்பத்தி தணிகிறது. இதற்கிடையில் அதே ஏசிடிஎச் தூண்டிவிட்ட சல்பிரெடாக்சின் தாமதமாக வந்து, ஏடிபி செலவழித்து, முடங்கிய பெராக்சிரெடாக்சினைப் பழுது பார்க்கிறது. சுரப்பி அடுத்த முறைக்குத் தயார். அட்ரீனலில் இந்த முடக்கமும் பழுதுபார்ப்பும் நாள் சுழற்சியோடு ஏறி இறங்குவதையும் அதே குழு 2015-ல் காட்டியது.

இதில் என்னை ஈர்ப்பது தாமதம்தான். முடக்கமும் பழுதுபார்ப்பும் ஒரே நேரத்தில் நடந்தால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. அதனால் ஒரே ஒரு நேரப்புள்ளியில் செல்லை உடைத்து அளப்பது இங்கே பயன்படாது. 24 மணி நேரம் கழித்து அளந்தால் சுற்று முழுதும் முடிந்து எல்லாம் பழைய நிலைக்கு வந்திருக்கலாம். “விளைவு இல்லை” என்று எழுதிவிடுவீர்கள். தூண்டுதலுக்கு முன் ஒன்று, பிறகு அரை மணி, ஒரு மணி, இரண்டு, நாலு, எட்டு, பன்னிரண்டு, இருபத்துநாலு மணி என்று எடுங்கள். பிளேட் நிறைய ஆகும்தான். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

மனித நோய்களும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன. குடும்பவழிக் குளுக்கோகார்ட்டிகாய்டு குறைபாட்டில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஏசிடிஎச் மிக அதிகம், கார்டிசால் மிகக் குறைவு. பல ஆண்டுகளாக ஏசிடிஎச் ஏற்பியும் அதன் துணைப் புரதமும் மட்டுமே முக்கியக் காரணங்களாகத் தெரிந்திருந்தன. 2012-ல் என்என்டி மரபணுவின் பிறழ்வுகள் பட்டியலில் சேர்ந்தன, 2014-ல் மைட்டோகாண்ட்ரியாவின் தயோரெடாக்சின் ரிடக்டேஸ் 2 சேர்ந்தது. என்என்டி உள் சவ்வில் இருந்துகொண்டு என்ஏடிபிஎச் தயாரித்துக் கொடுப்பது. அது கெட்டால் உடம்பில் எல்லா மைட்டோகாண்ட்ரியாவும் பாதிக்கப்படும் என்று நினைப்போம். ஆனால் முதலில் தள்ளாடுவது அட்ரீனல். காரணம் உங்கள் தாளிலேயே இருக்கிறது: இங்கே என்ஏடிபிஎச்சுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இழுபறி. பி450-க்கும் அதுவே வேண்டும், பெராக்சைடைத் துடைக்கும் தயோரெடாக்சின், குளூட்டாதயோன் அமைப்புகளுக்கும் அதுவே வேண்டும்.

செல்லைத் தேர்ந்தெடுப்பது

மனிதச் செல் வேண்டுமென்றால் எச்295ஆர். அட்ரீனல் புறணிப் புற்றிலிருந்து வந்தது, மூன்று அடுக்கின் ஸ்டீராய்டுகளையும் செய்யும். ஒரு குறை: ஏசிடிஎச் ஏற்பி மிகக் குறைவு, அதனால் ஏசிடிஎச் கொடுத்தால் பெரிதாக அசையாது. 10 மைக்ரோமோலார் ஃபார்ஸ்கோலின் கொடுத்து நேராக சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றுங்கள், அல்லது டைபியூட்டைரில் சைக்ளிக் ஏஎம்பி. சுண்டெலியின் ஒய்1 செல் ஏசிடிஎச்சுக்கு நன்றாகப் பதில் சொல்லும், ஆனால் அதில் 21-ஹைட்ராக்ஸிலேஸ் இல்லை, சுண்டெலியில் கார்டிசாலின் இடத்தில் இருக்கும் கார்டிகோஸ்டீரோன் வராது. முழுச் சுற்றும் வேண்டுமென்றால் விலங்கிலிருந்து புதிதாகப் பிரித்த செல்தான். இரண்டு வகைச் செல்லிலும் ஒரே பதில் வந்தால்தான் நான் நம்புவேன்.

மீடியத்தின் சீட்டைப் படியுங்கள்

இதைச் சொன்னால் மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் சமிக்ஞைச் சோதனைகள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான்.

எச்295ஆர் செல்லுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஐடிஎஸ் கலவையில் இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் மூன்றும் உண்டு. செலினியம் இல்லாமல் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் தயோரெடாக்சின் ரிடக்டேஸும் உருவாகாது. அதாவது உங்கள் செல்லின் பெராக்சைடு துடைக்கும் திறனை நிர்ணயிப்பது ஒரு புட்டியின் உள்ளடக்கம். அந்தக் கலவையின் சில வகைகளில் லினோலியிக் அமிலமும் சேர்ந்திருக்கும். அது எளிதில் பெராக்சைடாகும் கொழுப்பு. ஒரே சோதனைத் தொடரின் நடுவில் இந்தப் புட்டியின் வகையை மாற்றவே கூடாது. சீரத்தை எடுத்துவிட்டு ஒரு பாதிச் சோதனை, வைத்துக்கொண்டு மறுபாதி என்பதும் கூடாது.

அடுத்தது பைருவேட். டிஎம்இஎம்/எஃப்12 மீடியத்தில் வழக்கமாக அரை மில்லிமோலார் சோடியம் பைருவேட் இருக்கும். அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேராக வினைபுரிந்து அசிட்டேட்டும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகிவிடும். செல்லுக்கு 100 மைக்ரோமோலார் கொடுத்தோம் என்று நீங்கள் எழுதுவீர்கள்; செல் பார்த்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பெராக்சைடு கொடுக்கும் சோதனைகளுக்குப் பைருவேட் இல்லாத மீடியத்தைக் கேட்டு வாங்குங்கள். ஃபீனால் ரெட் இல்லாததாகவும் இருந்தால் நல்லது, ஒளிர்வு அளவீட்டில் தொந்தரவு குறையும்.

சீரத்தில் முன்பே ஸ்டீராய்டு இருக்கும், கேட்டலேஸும் இருக்கும். செல் இல்லாத வெறும் மீடியத்தையும் ஒரு கிணற்றில் வைத்து எல்லா அளவீட்டுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

அப்புறம் ஆக்சிஜன். சாதாரண இன்குபேட்டரில் சுமார் 18 சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜன் இருக்கும், உடம்புக்குள் திசுவில் இருப்பதைவிட இது பல மடங்கு. கசிவு ஆக்சிஜனைப் பொறுத்தது என்பதால் சாதாரண இன்குபேட்டரில் நாம் பார்ப்பது ஏற்கெனவே மிகைப்படுத்தப்பட்ட கசிவு. 5 சதவீத ஆக்சிஜனில் வளர்க்கும் வசதி இருந்தால் முக்கியமான சோதனையை ஒருமுறையாவது அங்கே திருப்பிச் செய்யுங்கள். அங்கே விளைவு காணாமல் போனால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

பெராக்சைடை எப்படிக் கொடுப்பது

புட்டியில் போட்டிருக்கும் செறிவை நம்ப வேண்டாம். புட்டியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் அது மெல்லக் குறையும். அன்றன்றைக்கு நீர்த்து, 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, மோலார் உறிஞ்சல் எண் 43.6 என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

ஒரே ஊற்றாக ஊற்றுவது பலருக்கும் பழக்கம். செல் அதை நிமிடக் கணக்கில் தின்றுவிடும். முதல் நிமிடம் வெள்ளம், பிறகு வறட்சி. உடம்புக்குள் இப்படி நடப்பதில்லை. மீடியத்தில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கொஞ்சம் சேர்த்தால், அங்கே உள்ள குளுக்கோஸிலிருந்தே பெராக்சைடு சீராகச் சுரந்துகொண்டிருக்கும். அதைவிட நல்லது டி-அமினோ அமில ஆக்சிடேஸை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் முகவரியோடு செல்லில் வெளிப்படுத்தி, டி-அலனின் கொடுப்பது. எங்கே, எவ்வளவு பெராக்சைடு பிறக்கிறது என்பதை அலனின் அளவை வைத்தே ஏற்றி இறக்கலாம். கட்டுப்பாட்டுக்கு அதே செல்லில் எல்-அலனின். அந்த நொதி அதைத் தொடாது.

எந்த முறையானாலும் மீடியத்தின் செறிவை மட்டும் குறிப்பது போதாது. ஒரு செல்லுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். செல் அடர்த்தி இரட்டிப்பானால் ஒவ்வொரு செல்லும் சந்திக்கும் அளவு பாதியாகும். அடுத்தவரால் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாமல் போவது இதனால்தான்.

உயிரோடு இருக்கிறதா என்பதை எம்டிடி சாயத்தால் பார்க்க வேண்டாம். அந்தச் சாயம் நிறம் மாறுவதே செல்லின் என்ஏடிஎச், என்ஏடிபிஎச் இருப்பைப் பொறுத்தது, நீங்கள் சோதிப்பதும் அதையே. மீடியத்தில் கசிந்த லாக்டேட் டிஹைட்ரஜனேஸை அளந்தால் பிரச்சினை இல்லை. செல் செத்த அளவில் வந்த கார்டிசால் குறைவு சமிக்ஞைக் கணக்கில் சேராது. அந்த அளவுகளை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

எதை வைத்து அளப்பது

பெராக்சைடைக் காட்டும் என்று பலரும் போடும் டிசிஎஃப் சாயத்தைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு: அட்ரீனல் செல்லில் அதற்கு வேலை இல்லை. அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேராக வினைபுரிவதே இல்லை. இரும்போ பெராக்சிடேஸோ சைட்டோகுரோம் சியோ நடுவில் வேண்டும். போதாதற்கு, ஆக்சிஜனேற்றம் அடையும் வழியில் தானே சூப்பராக்சைடு உண்டாக்கும். ஹீம் புரதம் நிறைந்த இந்தச் செல்லில் அது பச்சையாக ஒளிர்ந்தால் என்ன அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. சூப்பராக்சைடுக்கான மைட்டோசாக்ஸ் சாயம் கொஞ்சம் மேல். ஆனால் அது மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தத்தைப் பொறுத்து உள்ளே சேரும். மின்னழுத்தம் விழுந்தால் சிக்னலும் விழும். சூப்பராக்சைடுக்கே உரிய விளைபொருளை எச்பிஎல்சியில் பிரித்துப் பார்க்காமல், வெறும் சிவப்பு ஒளிர்வை மட்டும் சொல்லக் கூடாது.

வசதி இருந்தால் ஹைப்பர்7 போன்ற, செல்லே செய்யும் புரத உணரியை மைட்டோகாண்ட்ரியாவிலும் சைட்டோசாலிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். “உள்ளே பெருகி வெளியே வழிகிறது” என்ற வாதத்துக்கு இரண்டு இடத்தின் நேரக்கோடும் வேண்டும். உள்ளே முதலில் ஏறி, கொஞ்சம் பிந்தி வெளியே ஏறினால் வாதம் நிற்கும். இரண்டும் ஒன்றாக ஏறினால் வேறு மூலத்தைத் தேட வேண்டும். பழைய ஹைப்பர் வகைகள் பிஎச் மாற்றத்துக்கும் ஆடும், அதனால் அவற்றோடு பெராக்சைடை உணராத பிறழ்வு வடிவத்தையும் கூடவே ஓட்டுங்கள்.

உணரி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், செல்லுக்குள்ளேயே இயற்கையான உணரி இருக்கிறது: பெராக்சிரெடாக்சின். அதன் அளவுமீறி ஆக்சிஜனேற்றம் அடைந்த வடிவத்துக்கு ஆன்டிபாடி கிடைக்கிறது. ஒடுக்கியான டிடிடி போட்டாலும் அந்த வடிவம் மீளாது, எனவே வழக்கமான ஒடுக்கும் ஜெல் போதும். ஒரே எச்சரிக்கை: அந்த ஆன்டிபாடி பெராக்சிரெடாக்சின் குடும்பத்தின் பொதுப் பகுதியை அடையாளம் காண்பது. 1, 2, 3 எல்லாமே 20-களின் கிலோடால்டன் பகுதியில் நெருங்கி நிற்கும். ஜெல்லை நன்றாக ஓடவிட்டுப் பிரித்து, பக்கத்தில் 3-க்கு மட்டுமான ஆன்டிபாடியும் ஓட்டி, எந்தப் பட்டை எது என்று உறுதி செய்யுங்கள். இன்னும் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து ஓட்டினால் சந்தேகமே வராது. டைசல்ஃபைடு இரட்டை வடிவத்தையும் பார்க்க வேண்டுமானால் கதை வேறு: செல்லை உடைக்கும் முன்பே என்-எத்தில் மாலிமைடு ஊற்றி தயோல்களை மூடிவிட வேண்டும், ஒடுக்காத ஜெல் ஓட்ட வேண்டும். உடைத்த பிறகு ஊற்றினால் உடைக்கும் நேரத்தில் காற்றில் நடந்த ஆக்சிஜனேற்றத்தைத்தான் அளப்பீர்கள்.

ஸ்டீராய்டை முடிந்தால் திரவ நிறப்பிரிகையும் நிறை நிறமாலையும் இணைந்த எல்சி-எம்எஸ் முறையில் அளவிடுங்கள். கார்டிசால் ஆன்டிபாடிகள் 11-டிஆக்சிகார்டிசாலையும் கொஞ்சம் பிடிக்கக்கூடும். சிஒய்பி11பி1 பாதிக்கப்படும் சோதனையில் பெருகுவதே அந்தப் பொருள் என்பதால், இங்கே அது சாதாரணக் குறை இல்லை.

எந்தப் படியில் நின்றது?

கார்டிசால் குறைந்தது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி எங்கே என்பது. இதற்கு மலிவான, அழகான வழி இருக்கிறது. 22ஆர்-ஹைட்ராக்ஸிகொலஸ்ட்ராலைச் செல்லுக்குக் கொடுங்கள். அது ஸ்டாரின் உதவி இல்லாமலே சவ்வைக் கடந்து சிஒய்பி11ஏ1-ஐ அடையும். அதைக் கொடுத்ததும் உற்பத்தி மீண்டால் கோளாறு கொலஸ்ட்ரால் வரத்தில், அதாவது ஸ்டார் பக்கம். மீளவில்லை என்றால் பிரெக்னெனலோன் கொடுத்துப் பாருங்கள். அதற்கு மீண்டால் கோளாறு சிஒய்பி11ஏ1 அல்லது அதற்கு எலக்ட்ரான் கொடுக்கும் சங்கிலி. அதற்கும் மீளாமல் 11-டிஆக்சிகார்டிசால் மட்டும் குவிந்தால் கடைசிப் படியான சிஒய்பி11பி1.

கூடவே ஸ்டாரின் வெஸ்டர்ன். முழு நீள வடிவம் 37 கிலோடால்டன், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து வெட்டப்பட்டது 30. இரண்டும் சேர்ந்து குறைந்தால் உற்பத்தியே குறைந்திருக்கிறது. பி38 வழி பிரேக்கின் அடையாளம் இது. 37 அப்படியே இருந்து 30 மட்டும் குறைந்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவது தடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் சவ்வு மின்னழுத்தம் விழுந்ததன் விளைவு. முதலாவதைச் சமிக்ஞை என்று வாதிடலாம். இரண்டாவது சேதத்தின் பக்கம் சாய்கிறது. என் அனுபவத்தில், இந்த ஒரு பிளாட்டைச் சரியாக ஓட்டினாலே பாதி விவாதம் தீர்ந்துவிடும்.

தடுப்பான்களில் இருக்கும் பொறி

மற்ற செல்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்து அப்படியே மருந்துப் பட்டியலைக் கடன் வாங்கினால் அட்ரீனலில் கவிழ்வீர்கள்.

டைஃபினைலீன் அயோடோனியம் என்னும் டிபிஐயை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பராக்சைடு உண்டாக்கும் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸைத் தடுக்கும் என்று போடுவார்கள். அது ஃபிளேவின் கொண்ட எல்லா நொதியையும் தடுக்கும். அட்ரினோடாக்சின் ரிடக்டேஸ் ஃபிளேவின் நொதி. எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் பி450-களுக்கு எலக்ட்ரான் கொடுக்கும் ரிடக்டேஸும் ஃபிளேவின் நொதி. டிபிஐ போட்டதும் ஸ்டீராய்டு விழத்தான் செய்யும், அதற்கும் ஆக்சிடேஸுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை ஆதாரமாகக் காட்டும் வரைபடம் என் மேசைக்கு வந்தால் மேற்கொண்டு படிக்க மாட்டேன்.

பி38-ஐத் தடுக்க எஸ்பி203580 போடுவது வழக்கம். அது பிரிடினைல் இமிடசோல் வகை. அதன் வளையத்தில் உள்ள நைட்ரஜன் பி450-யின் ஹீம் இரும்பைப் பிடிக்கக்கூடியது. பூஞ்சை மருந்தான கீட்டோகோனசோல் ஸ்டீராய்டைக் குறைப்பதும் இதே பாணியில்தான். எனவே வேதி அமைப்பில் சம்பந்தமில்லாத இன்னொரு பி38 தடுப்பானையும் சேர்த்துப் பாருங்கள், அல்லது சிறு ஆர்என்ஏ கொண்டு கைனேஸையே குறையுங்கள். இரண்டிலும் ஒரே பதில் வர வேண்டும்.

என்-அசிட்டைல் சிஸ்டீன் ஹைட்ரஜன் பெராக்சைடை நேராகத் துடைப்பது மிக மெதுவாக. பெராக்சிரெடாக்சின் அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வேகம். என்-அசிட்டைல் சிஸ்டீன் வேலை செய்தால் பெரும்பாலும் குளூட்டாதயோனுக்குச் சிஸ்டீன் கொடுத்துத்தான். போதாக்குறைக்கு அது அமிலம். பிஎச்சை நடுநிலைக்குக் கொண்டுவராமல் மில்லிமோலார் அளவில் ஊற்றினால் செல்லின் மேல் அமிலத்தின் விளைவைத்தான் அளப்பீர்கள். என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் தடுப்பான் என்று போடப்படும் அப்போசைனினும் குறிப்பிட்ட ஒரு ஆக்சிடேஸை மட்டும் தொடுவதில்லை.

அப்படியானால் எதைத்தான் போடுவது? மரபணு வழி. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பப்பட்ட கேட்டலேஸ், கூடவே அதன் செயலற்ற வடிவம். பெராக்சிரெடாக்சின் 3-ஐக் குறைப்பது. சல்பிரெடாக்சினைக் குறைப்பது. இதில் கடைசிதான் கூர்மையான சோதனை. சுற்று உண்மையானால், சல்பிரெடாக்சின் இல்லாத செல்லில் முதல் தூண்டுதலுக்குப் பதில் கிட்டத்தட்ட வழக்கம்போல வரும், ஆனால் பழுதுபார்ப்பு நடக்காததால் பிரேக் விடுபடாது. சில மணி நேரம் கழித்துக் கொடுக்கும் இரண்டாவது தூண்டுதலில் பதில் தளர வேண்டும். இரட்டைத் தூண்டுதல் என்பதால் ஃபார்ஸ்கோலினைக் கழுவி எடுக்கும் படியை எல்லாக் கிணற்றுக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள், தூண்டாத கிணற்றுக்கும்கூட.

ஆல்டோஸ்டீரோன் தனிக் கதை

உடம்பின் உப்பைக் கட்டுப்படுத்தும் இந்த ஹார்மோனை அட்ரீனலின் வெளி அடுக்கில் தூண்டுவது ஆஞ்சியோடென்சின் 2-உம் பொட்டாசியமும், வழி கால்சியம். அங்கே செல் சவ்வின் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸிலிருந்து வரும் பெராக்சைடு, ஆல்டோஸ்டீரோனைச் செய்யும் நொதியான சிஒய்பி11பி2-ஐ ஏற்றிவிடும் பக்கம் நிற்பதாகவே பேசப்படுகிறது. அதாவது பிரேக் இல்லை, ஆக்சிலரேட்டர். கார்டிசாலில் கண்டதை இங்கே ஒட்டவைக்க வேண்டாம், இங்கே கண்டதை அங்கேயும் வேண்டாம். எச்295ஆர் இரண்டையும் செய்யும் செல் என்பதால் இந்தக் குழப்பம் எளிதில் வரும். எந்தத் தூண்டுதல், எந்த ஹார்மோன் என்று ஒவ்வொரு வரைபடத்தின் தலைப்பிலும் இருக்கட்டும்.

விலங்குக்குப் போகும்போது

அட்ரீனலும் ஆக்சிஜனேற்றமும் சேர்ந்த கதை பழையது. ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1928-ல் வைட்டமின் சியை முதலில் பிரித்தெடுத்தவற்றில் மாட்டின் அட்ரீனல் ஒன்று. ஏசிடிஎச் பட்டதும் அட்ரீனலின் வைட்டமின் சி குறையும் என்பதை வைத்தே 1940-களில் ஏசிடிஎச்சை அளந்தார்கள்: பிட்யூட்டரி நீக்கிய எலியின் ஒரு அட்ரீனலை எடுத்துவிட்டு, ஏசிடிஎச் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மற்றதை எடுத்து ஒப்பிடுவது. ஒரே விலங்கே தனக்குக் கட்டுப்பாடு. இன்றைக்கும் எனக்கு இந்த அமைப்பின் மேல் பொறாமை உண்டு. இங்கே ஒன்று கவனியுங்கள்: சுண்டெலியும் எலியும் வைட்டமின் சியைத் தாமே செய்துகொள்ளும், மனிதனால் முடியாது. சுண்டெலியில் கண்டதை வைத்து மனிதனுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரை பரிந்துரைக்கும் பத்தியை ஆய்வறிக்கையின் முடிவில் சேர்க்கும் ஆசை வரும். வெட்டிவிடுங்கள். பெராக்சைடு இங்கே பிரேக் என்றால், அதைத் துடைப்பதால் என்ன ஆகும் என்பது உங்கள் சுற்றின்படியே எளிய கேள்வி இல்லை.

நேரத்தை இறுகப் பிடியுங்கள். சுண்டெலி இரவில் இயங்குவது, கார்டிகோஸ்டீரோன் விளக்கு அணையும் நேரத்தை ஒட்டி உச்சம் தொடும். காலையில் ஒரு குழுவையும் மாலையில் ஒரு குழுவையும் எடுத்தால் நீங்கள் அளப்பது மருந்தை அல்ல, கடிகாரத்தை. கூண்டைத் தொட்டதிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்து முடியுங்கள், அதற்குப் பிறகு கையாண்ட பதற்றமே ஹார்மோனை ஏற்றிவிடும். ஏசிடிஎச் ஊசியின் விளைவைத் தனியே பார்க்க வேண்டுமானால் முன்னதாக டெக்சாமெத்தசோன் கொடுத்து விலங்கின் சொந்த ஏசிடிஎச்சை அடக்கிவிடுங்கள். அட்ரீனலைச் சுற்றியுள்ள கொழுப்பை வேகமாக அகற்றி உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள், நிதானமாகச் சுத்தம் செய்யும் நேரத்தில் ஆக்சிஜனேற்ற நிலை மாறிக்கொண்டே இருக்கும். மரபணு மாற்றிய விலங்கை அதன் கூடப்பிறந்த சாதாரண விலங்கோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் விலங்கின் வகையைக் கேளுங்கள். எல்லோரும் வாங்கும் சி57பிஎல்/6ஜே சுண்டெலியில் என்என்டி மரபணுவின் ஒரு பகுதியே கிடையாது. அதே குடும்பத்தின் 6என் வகையில் அது முழுமையாக இருக்கிறது. மனிதரில் அட்ரீனல் குறைபாட்டைத் தரும் அதே மரபணு. என்என்டி இல்லாத சுண்டெலிக்குக் கார்டிகோஸ்டீரோன் குறைவு என்று மனிதரில் என்என்டி பிறழ்வைக் கண்ட 2012 ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள். மரபணு மாற்றிய விலங்கு 6என் பின்னணியிலும் கட்டுப்பாட்டு விலங்கு 6ஜே பின்னணியிலும் இருந்தால், நீங்கள் நீக்கிய மரபணுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. “கருப்புச் சுண்டெலி” என்று மட்டும் பதிவேட்டில் எழுதியிருந்தால் வால் நுனியிலிருந்து டிஎன்ஏ எடுத்து பிசிஆரில் என்என்டியைப் பார்த்துவிடுங்கள். ஒரு பிற்பகல் வேலை. வளர்ப்புக் கூட்டத்தில் இரண்டு வகையும் கலந்திருப்பது தெரிந்தால் சோதனையைத் தள்ளிப்போட்டு, ஒரே என்என்டி நிலை வரும்வரை இனக்கலப்பு செய்த பிறகு ஆரம்பியுங்கள்.